மூடியில் நின்ற நெத்திலி வாசம்

மலேசியாவில், செரண்டாவில் எங்கள் வீட்டுப் பின்புறம் நிற்கும் கஸ்தூரி எலுமிச்சை போன வருடம் கிளை தொங்கக் காய்த்தது. யாருக்குக் கொடுத்தும் தீரவில்லை, ஊறுகாய் போட முடிவு செய்தேன். போத்தலுக்குப் பஞ்சமில்லை. என் கணவருக்குச் சோற்றுக்கும் ரொட்டிக்கும் நெத்திலிச் சம்பல் வேண்டும், நெத்திலியும் மிளகாயும் சேர்த்து வதக்கிய தொக்கு. கடையில் வாங்கி அவர் தின்று தீர்த்த கண்ணாடிப் போத்தல்களை நான் தூக்கிப் போடுவதில்லை. அவற்றைக் கொதிநீரில் அலசி, வெயிலில் காயவைத்து, ஊறுகாயை நிரப்பி அடுக்கினேன். அலமாரியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டேன்.

ஊறுகாய் பதமாகும் நேரம் புரட்டாசி பிறந்தது. பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து மாமியார் எங்களோடு தங்க வந்தார். மாதம் முழுக்க வீட்டில் சைவம்தான். முதல் நாள் தயிர்ச் சோற்றுக்கு ஊறுகாய் வைத்தேன். அத்தை திறந்தார், முகர்ந்தார், ஓரமாக வைத்துவிட்டார்.

“ஏம்மா, இதுல நெத்திலி வாசம் வருது.”

“சுடுதண்ணியில கழுவித்தான் போட்டேன் அத்தை. கண்ணாடியில வாசம் நிக்காது.”

“கண்ணாடியில இல்லம்மா. மூடிய மோந்து பாரு.”

மோந்தேன். மூடிக்குள் இருந்த ரப்பர் அப்படியே சம்பலாக மணத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாலையில் வேலை முடிந்து வந்த கணவரிடம் நீட்டினேன். அவரும் மூக்கை வைத்துப் பார்த்தார்.

“ஒண்ணும் தெரியலையே லா.”

“வருசம் பூரா அதையே திங்கிறவனுக்கு எப்படிடா தெரியும்?” என்றார் அத்தை.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பும்போது பை நிறையக் காலிப் போத்தல்கள். ஜாம், தேன் தீர்ந்தவை. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி கொடுத்தாராம். பதிலுக்கு என் ஊறுகாய் அத்தனையும் அவர் வீட்டுக்குப் போனது. மறுநாள் மூவரும் உட்கார்ந்து மறுபடியும் எலுமிச்சை நறுக்கினோம்.

அந்த வாரமே ஆன்ட்டி எங்கள் கேட்டில் வந்து நின்றார். மீனை ஆவியில் வேகவைக்கும்போது மேலே என் ஊறுகாயைப் போட்டாராம். பிள்ளைகள் தட்டை வழித்துவிட்டார்களாம். கையில் ஒரு கூடைப் பச்சை மிளகாய், அவர் தொட்டியில் விளைந்தது. “இதையும் போட்டுக் கொடு, போத்தல் நான் தர்றேன்” என்று மலாயில் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், அத்தை தோட்ட வேலையில் பழகிய மலாயில் “மாசோக், மாசோக்” என்று அவரை உள்ளே இழுத்து வந்துவிட்டார். சமையலறைத் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். பாதி மிளகாய் நறுக்குவதற்குள் ஆன்ட்டி மறந்துபோய்க் கண்ணைக் கசக்கிவிட்டார். அலறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். பின்னாலேயே ஓடிய அத்தை, தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். முந்தானையிலும் மிளகாய்ச் சாறு. இன்னொரு அலறல். அதைக் கேட்டு அத்தை சிரித்த சிரிப்பில் ஆன்ட்டியும் கண்ணீர் வழியச் சிரித்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மிச்ச மிளகாய் முழுவதையும் நான் ஒருத்தியே நறுக்கினேன்.