மாமா சொன்னதும் அவள் சொன்னதும்

"எதுக்குக் கை தட்டினாங்க?" என்று மாமா கேட்டார்.

ஆராதனை முடிந்து இருவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் பேருந்து வரும் திசையைப் பார்த்தாள்.

"நீங்க பேசினது பிடிச்சிருக்கும் மாமா."

"நாலு தடவை விட்டேன், நாலு தடவையும் திரும்ப ஆரம்பிச்சேன், போன வியாழக்கிழமைகூடக் குடிச்சேன்னு சொன்னேன். இதுல பிடிக்க என்ன இருக்கு? நான் என்ன ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சுட்டா வந்தேன்?"

"மனசைத் திறந்து பேசினீங்கல்ல, அதுக்கு."

"முன்வரிசையில ஒரு அம்மா எழுந்து நின்னு கண்ணைத் துடைச்சாங்க."

"ம்."

"பாப்பா, நான் லிப்ட் ஓட்டுறவன். ஏறுறவன் மூஞ்சியைப் பார்த்தே எந்த மாடின்னு சொல்லிடுவேன். நான் நின்னது ஒரு மாடி. அவங்க மூஞ்சியில இருந்தது வேற மாடி. நான் பேசினதை நீ அவங்க மொழியில என்னன்னு சொன்ன?"

பேருந்து வந்துவிட்டது. ஏறிய பிறகு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "நாலு வருஷமா ஒரு சொட்டுக்கூடத் தொடலைன்னு சொன்னேன்."

மாமா கோபப்படவில்லை. தன் நிறுத்தத்தில் இறங்கும்போது, "அந்த ஆளை எனக்கும் ஒரு நாள் காட்டு" என்று மட்டும் சொன்னார்.

மாமா அவளுடைய அம்மாவின் தம்பி. பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகியும், ஊர் மொழியில் அவருக்கு வந்தவை மாடி எண்களும், 'கொஞ்சம் உள்ளே போங்க', 'கதவு மூடுது' என்பனவும்தான். பெரிய மருத்துவமனையின் ஸ்ட்ரெச்சர் லிப்டில் அவருக்கு ஒரு முக்காலி. கதவில் பதியும் விரல் தடங்களைத் துடைக்க முழங்காலில் எப்போதும் ஒரு துணி கிடக்கும். வீட்டு மொழி பேசும் யாராவது ஏறி, "எங்கப்பா பிழைச்சுடுவாரா?" என்று கேட்டால், "எனக்கு மாடிதான் தெரியும்மா, மத்தது தெரியாது" என்பார். ஒரு ஆறுதலுக்காகவாவது சொல்லியிருக்கலாமே என்று அம்மா திட்டுவாள். "தெரியாததை எப்படிக்கா சொல்றது?" என்பார் அவர்.

குடித்த மறுநாள் மேஸ்திரியிடம் நேராகப் போய், கட்டைவிரலை வாய்க்குக் காட்டிவிட்டு, லிப்டைக் காட்டிக் கையை விரிப்பார். வேறு ஆளைப் போடுங்கள் என்று அர்த்தம். அன்று முழுவதும் துடைப்பமும் கையுமாக இருப்பார். சபையிலும் அப்படியே. குடித்த வாரம் திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் வரிசையாக எழுந்து போக, மாமா மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் அம்மா இருந்தால் தொடையில் கிள்ளுவாள். "எழுந்து வாடா, எல்லாரும் பார்க்கிறாங்க." அவர் அசையமாட்டார்.

அந்தச் சபையில் வீட்டு மொழிக்காரர்கள் இவர்கள் மூவர் மட்டுமே. அம்மாவுக்கு ஊர் மொழி பழகிவிட்டது. பெண்கள் ஜெபக்குழுவுக்கே அவள்தான் தலைவி. இரண்டு மொழியிலும் படித்த மகள், கடைசி பெஞ்சில் மாமாவின் காதருகே குனிந்து ஒவ்வொரு வாரமும் பிரசங்கத்தைச் சொல்லிக்கொண்டு போவாள். அதைக் கவனித்த போதகர்தான் அவளுக்குச் சபை அலுவலகத்தில் வேலை கொடுத்தார். குடிப்பவர்களுக்காக ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டம் தொடங்க வேண்டும், வெளியூர் விருந்தினர் வருகிறார்கள், உன் மாமா சாட்சி சொல்லட்டும் என்று கேட்டவரும் அவரே.

மாமா உடனே ஒப்புக்கொண்டார். "நடந்ததைச் சொல்லணும், அவ்வளவுதானே? சொல்லிடலாம்."

மேடையில் அவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினார். இனி அவள் முறை. எதிரே இருநூறு முகங்கள். இரண்டாவது வரிசையில் அம்மா தலையை இல்லை என்பதுபோல லேசாக அசைத்தாள். மகள் சபை வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. வாயைத் திறந்தாள், வேறொரு வாக்கியம் வந்தது. அதற்கடுத்தது இன்னும் எளிதாக வந்தது.

அன்று மதியம் சோறு போடும்போது அம்மா, "நல்லவேளை, மானத்தைக் காப்பாத்தினே. நாலு சுவருக்குள்ள சொல்ல வேண்டியதை மைக்ல சொல்றான் பைத்தியக்காரன்" என்றாள். மகளின் தட்டில் இன்னொரு கரண்டி விழுந்தது.

மறுவாரமே அறிவிப்புப் பலகையில் மாமாவின் படம் ஏறியது. கீழே 'நான்கு ஆண்டு விடுதலை' என்று கொட்டை எழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவரே அதைக் கழற்றிப் போதகரிடம் கொடுத்தார். கட்டைவிரலை வாய்க்குக் காட்டினார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். போதகர் அவரைக் கட்டிக்கொண்டு, "என்ன தாழ்மை பாருங்கள்" என்று சுற்றி நின்றவர்களிடம் சொல்லிவிட்டுப் படத்தைத் திரும்ப மாட்டினார். சுற்றி நின்றவர்களில் அவளும் ஒருத்தி.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள். மாமா நாற்காலி போடுவார், டீ ஊற்றுவார். வந்தவர்களில் ஒரு பெயிண்டர், நகத்தில் சுண்ணாம்பு போகாதவன், அவர் பக்கத்திலேயே வந்து உட்காருவான். பேச்சு கிடையாது. கூட்டம் முடிந்ததும் விரல்களை விரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று காட்டுவான். மாமா தன் கணக்கை விரலில் காட்டினால், வருடங்கள் என்று நினைத்து வாயைப் பிளப்பான்.

ஐந்தாவது மாதம், ஒரு சனிக்கிழமை மாலை, சாராயக் கடையிலிருந்து மாமா வெளியே வருவதைப் பாடகர் குழுவில் ஒருத்தி பார்த்துவிட்டாள். மறுநாள் அவர் வழக்கம்போல வந்து, வழக்கம்போலக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மொழிபெயர்க்க அக்கா மகள் அவர் காதருகே குனிந்தாள். போதகர் பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. எல்லோருடைய கழுத்தும் பின்பக்கம் திரும்பியிருந்தது.

"நான்கு வருஷமாகக் குடிக்கவில்லை என்று இதே மேடையில் நின்று சாட்சி சொன்ன மாயக்காரன் ஒருவன் நம் நடுவில் இருக்கிறான்."

இதை மட்டும் அவள் ஒரு சொல்லும் குறையாமல் மொழிபெயர்த்தாள். வழி கேட்டவனுக்கு வழி புரிந்ததுபோல மாமா தலையாட்டினார். முன்னால் இரண்டாவது வரிசையில் அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. அது திரும்பவே இல்லை.

மாற்றிச் சொன்னது அவள்தான் என்று அவர் சைகையால்கூட யாருக்கும் காட்டவில்லை. காட்டியிருந்தால் போதும், அவளுக்கு வேலை போயிருக்கும். படம் இறங்கியது. கூட்டம் நின்றது. அதற்குப் பிறகு மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். "சபைக்குப் போக மூஞ்சி இல்லை, பாவம்" என்று ஜெபக்குழுவில் அம்மா அவருக்காக ஜெபிக்கச் சொன்னாள். எல்லோரும் ஜெபித்தார்கள், மகளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து மாமா சபை அலுவலகத்தின் வாசலில் வந்து நின்றார். முந்தின நாள் பெயிண்டரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்களாம். வயிறு வீங்கியிருந்ததாம். மாமாவைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு ஏதோ சொன்னானாம். சொன்னது புரியாமல், ஓசையை மட்டும் ராத்திரி முழுக்க மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். அதை அப்படியே ஒப்பித்துவிட்டு, "என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

"நாலு வருஷம் விட்டவனே பொய்யின்னா, நான் எதுக்கு இந்தப் பாடு படணும்னு கேட்கிறார்."

மாமா ஒன்று கேட்டார். அவர் கேட்டதற்கு அரை மணி நேரம் போதும். அவள் சரி என்றாள். அது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. அவள் இன்னும் போகவில்லை. அவர் கேட்டது இவ்வளவுதான்:

"எனக்காக யார்கிட்டயும் நீ பேச வேணாம் பாப்பா. போதகர்கிட்டயும் வேணாம், உன் அம்மாகிட்டயும் வேணாம். அந்த பெயிண்டர் கட்டில் வரைக்கும் ஒரு தடவை என்கூட வா. நான் பேசுறேன், நீ அவனுக்குச் சொல்லு. நான் சொல்றதை மட்டும் சொல்லு. மூணாவது மாடிதான். நானே கூட்டிட்டுப் போறேன்."