நிற்கிறவருக்கும் மூச்சு வாங்கும்

ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவர்களிடம் போய் மூச்சை எப்படி இழுப்பது என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. பல்கலைக்கழகத்தில் சுகாதாரக் கல்வி படிக்கிறேன். கடைசி வருஷப் பயிற்சிக்கு மலேசியாவில் பத்து காஜா என்கிற ஊர்ப் பக்கம் ஒரு கிளினிக்கில் போட்டிருக்கிறார்கள். நுரையீரல் கெட்டுப்போய் இனி முழுசாகக் குணமாகாது என்கிற நிலையில் இருப்பவர்களுக்கு அந்த நோயைத் தமிழில் புரியவைக்க வேண்டும். சர்க்கரையைக் குறைக்கச் சொன்னதும் 'சரிம்மா' என்றபடியே தேத்தண்ணியில் இன்னொரு கரண்டி போடும் அப்பா உள்ளவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டாக்டர் கேட்ட கேள்வி

வேலாயுதம் அங்கிள் இளவயதில் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் கொட்டகையில் இருந்தவர். தோட்டம் போய் வீடுகள் வந்த பிறகு சிம்பாங் பூலாயில் ஒரு தொழிற்சாலை கேட்டில் ஜாகா வேலை, அதாவது காவல். கொட்டகைப் புகை பாதி, சிகரெட் பாதி என்று நுரையீரலைத் தின்றுவிட்டன. இரண்டு தடவை உதடு நீலம் பாரித்து ஆம்புலன்ஸில் வந்திருக்கிறார். இன்னொரு தடவை அந்த நிலைமையில் வந்தால் பிழைக்கவைப்பது கஷ்டம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

அந்த டாக்டர் ஒரு நாள் வாயில் வைத்து அடிக்கும் இரண்டு மருந்துப் பம்ப்புகளை மேசைமேல் வைத்து மலாயில் விளக்கினார். நீலப் பம்ப் மூச்சு முட்டும்போது மட்டும். கத்திரிப்பூ நிறப் பம்ப் நன்றாக இருந்தாலும் தினமும் காலை, மாலை. அடித்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். கடைசியில் "பஹாம்?" என்று கேட்டார், புரிந்ததா என்று. அங்கிள் தலையை நன்றாக ஆட்டி "பஹாம், பஹாம்" என்றார். வெளியே வந்ததும் என்ன புரிந்தது, எனக்குச் சொல்லுங்கள் என்றேன். டாக்டர் நல்ல மனுஷன் என்றார். அது சரி, பம்ப்பைப் பற்றி என்ன சொன்னார் என்றேன். ஒன்று நீலம், இன்னொன்று கத்திரிப்பூ என்றார். அப்புறம் ஏன் புரிந்ததாகச் சொன்னீர்கள் என்று நான் ஆரம்பித்ததும் என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: "வெளிய அவ்வளவு பேரு உக்காந்திருக்காங்க. பஹாம்னு அவரு கேட்டா, எந்திரிச்சுப் போலாம்னு அர்த்தம்மா."

என் தமிழ்

கிளினிக்கில் இருந்த விளக்கத்தாள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. தமிழ் எங்கே என்று கேட்டேன். கேட்கப்போன ஒவ்வொரு அறையிலும் அடுத்த அறையைக் கைகாட்டினார்கள். நான் விடுகிற ஆள் இல்லை. கடைசி அறையில் இருந்தவர் என் தொல்லை தாங்காமல், நீயே எழுதிக்கொள் என்று விட்டுவிட்டார். எழுதினேன். 'நாட்பட்ட சுவாசக்குழல் அடைப்பு நோய்' என்று தலைப்பிட்டு, மூச்சுக் குழல்கள் எப்படிச் சுருங்குகின்றன, நுரையீரலின் நுண்ணறைகள் எப்படிச் சிதைகின்றன என்று ஓர் எழுத்துப் பிழையில்லாமல் எழுதினேன். விரிவுரையாளர் பாராட்டினார். இன்றைக்கும் அது நல்ல தமிழ்தான் என்று யாரிடம் வேண்டுமானாலும் வாதாடுவேன்.

முதல் பிரதியை அங்கிளின் மனைவி அஞ்சலை ஆன்ட்டியிடம் கொடுத்தேன். தமிழ்ப் பள்ளியில் படித்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சத்தமாக, ஏற்ற இறக்கத்தோடு முழுவதும் படித்தார். பக்கத்து நாற்காலியில் அங்கிள் வீசுவீசென்று மூச்சு விட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் ஆன்ட்டி தாளை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு கண் கலங்கக் கேட்டார்: "பாவம், யாருக்கும்மா இந்த நோயி?"

ஆடி போகட்டும்

இரண்டாவது ஆம்புலன்ஸ் வந்தது ஆனி மாசம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் அவர்கள் குடியிருக்கும் தாமானுக்கு, வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். கத்திரிப்பூப் பம்ப் டப்பா பிரிக்கப்படாமல் சாமி மேடையில் இருந்தது. நாலு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். இது தினமும் அடிக்கிற மருந்தாயிற்றே, ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஆடி மாசத்தில் புதுசாக எதையும் ஆரம்பிக்க மாட்டோம், ஆவணி பிறந்ததும் நல்ல நாள் பார்த்துத் தொடங்கலாம் என்று வைத்திருக்கிறேன் என்றார் ஆன்ட்டி.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். ஆடியில் மூச்சு விடுகிறாரா இல்லையா, நோய் நல்ல நாள் பார்த்தா வந்தது என்று பொரிந்து தள்ளினேன். ஆன்ட்டி அசையவில்லை. நோய் நம்மைக் கேட்டு வருவதில்லை, மருந்தை நாம்தானே ஆரம்பிக்கிறோம் என்றார். வாதம் என்று பார்த்தால் அதில் ஓட்டை இல்லை. அதனால் நானும் அவர் பக்கமே போய் நின்றுகொண்டு யோசித்தேன். அங்கிள் வார்டில் இருந்தபோது இதே பம்ப்பை நர்ஸ் மிஸி அடித்துவிடவில்லையா என்று கேட்டேன். ஆமாம், காலையும் மாலையும் அடித்தார்கள் என்றார். அது என்ன மாசம் என்றேன். ஆனி என்றார். அப்படியானால் ஆரம்பித்தாகிவிட்டது, இப்போது பாதியில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்றேன். ஆன்ட்டி சாமி மேடையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு எழுந்து போய் டப்பாவைக் கண்ணில் ஒற்றி எடுத்துவந்து, பிரித்து, அங்கிள் கையில் கொடுத்தார். அவர் அடித்து, வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார்: "இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? படிச்ச புள்ள, சும்மா கத்துற."

சாம்பிராணி

வெள்ளிக்கிழமை தோறும் வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவது ஆன்ட்டியின் வழக்கம். அங்கிள் படுத்துக்கிடந்த வாரங்களில் அவர் குணமாக வேண்டும் என்று கூடுதலாகவே போட்டிருக்கிறார். அந்தப் புகைதான் அவர் நெஞ்சை இறுக்குகிறது என்று சொல்லத் தயங்கித் தயங்கி, அரைமணி நேரச் சண்டைக்கு எல்லாத் தயாரிப்போடும் போயிருந்தேன். நான் சொல்லி முடித்ததும் ஆன்ட்டி ஒரே நொடியில் தூபக்காலைத் தூக்கிக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டார். என் தயாரிப்பு வீணாய்ப்போனது. சாமி கோபித்துக்கொள்ளாதா என்று, வாய் சும்மா இருக்காமல், நானே கேட்டுவைத்தேன். "சாமிக்கு மூச்சு நல்லாத்தாம்மா இருக்கு. வாசலுக்கு வந்து புடிச்சுக்கட்டும்."

பெரட்டு

பம்ப் தினமும் நடந்தது. ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், குளியலறை வரை நடந்தாலே இரைத்தால், நீலப் பம்ப் அடிக்கடி தேவைப்பட்டால் அன்றைக்கே கிளினிக்குக்கு வந்துவிட வேண்டும். இந்த மூன்றையும் அங்கிள் மனப்பாடமாகச் சொல்வார். ஆனால் வர மாட்டார். சளி பச்சையாக இருந்த ஒரு நாளில்கூட வேலைக்குப் போய் கேட்டில் உட்கார்ந்திருந்தார். ஆன்ட்டி போன் செய்து சொன்னதும் நான் அங்கேயே போய்ச் சண்டை பிடித்து இழுத்துவந்தேன்.

வரும் வழியில் அங்கிள் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. தோட்டத்தில் விடியற்காலையில் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். காய்ச்சலோ இருமலோ, பெரட்டில் வந்து நின்றுவிட்டால் அவன் நல்லாயிருக்கிறான், வேலைக்குப் போ என்பார்கள். நிற்க முடியாதவனைத்தான் மருந்துக்கு அனுப்புவார்கள். அங்கிளின் அப்பா அப்படி நின்றார், அங்கிளும் நின்றார். அந்தத் தோட்டமே இப்போது இல்லை, யாருக்காக இன்னும் வரிசையில் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். சத்தம் கூடிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். அவர் கோபப்படவில்லை. நிதானமாக, மூச்சை அளந்து விட்டுச் சொன்னார்: "நீ சொல்றது மண்டையில ஏறுதும்மா. ஆனா நின்னுக்கிட்டு இருக்கறவன் போய், எனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னா, ஏமாத்துறான்னு நெனைக்க மாட்டாங்களா?"

கவுண்டர்

புரட்டாசியில் பக்கத்து நாட்டுக் காட்டுத்தீயின் புகைமூட்டம் வந்தது. எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. ஒரு காலையில் ஆன்ட்டி போன் செய்து, அங்கிள் கிளினிக்கில் இருக்கிறார், சீக்கிரம் வா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மூன்றாவது ஆம்புலன்ஸ் என்றே நினைத்தேன். படியில் ஓடும்போது செருப்பு ஒன்று கழன்றுபோனதை அப்புறம்தான் கவனித்தேன்.

அங்கிள் நின்றுகொண்டிருந்தார். பதிவுக் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, சட்டையெல்லாம் நனைந்து, ஆனால் நின்றுகொண்டிருந்தார். உள்ளே இருந்த இளைஞர், அங்கிள் நடந்துதானே வந்தீர்கள், உட்காருங்கள், முறை வரட்டும் என்று சொல்லியிருக்கிறார். என்ன பிரச்சினை என்று கேட்டபோது 'கொஞ்சம் சளி' என்று சொல்லாமல், நிறம் மாறிவிட்டது, குளியலறைக்கு நடக்க முடியவில்லை, விடிந்ததிலிருந்து நீலப் பம்ப்தான் என்று அங்கிள் மூன்றையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். அப்போதும் அந்த இளைஞர் கையசைத்து நாற்காலியைக் காட்டியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்த நேரத்தில்தான், ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு எடுத்து, மலாயில், அறை முழுக்கக் கேட்கிற மாதிரி அங்கிள் கேட்டார்: "நடந்து வந்தா நோயாளி இல்லையா தம்பி? விழுந்து வந்தாத்தான் உள்ள விடுவீங்களா?"

மிஸி ரொஹானி சக்கர நாற்காலியோடு வந்துவிட்டார். நெபுலைசர் வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், மதியம்வரை கூடவே வைத்துப் பார்த்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தேவைப்படவில்லை. சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் பழக்கதோஷத்தில் "பஹாம்?" என்றதற்கு, இல்லை, அந்த மாத்திரையை எத்தனை நாள் போடணும்னு இன்னொரு தடவை சொல்லுங்க என்றார் அங்கிள். நான் சுவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மருந்துப் பையைச் சுருட்டிக்கொண்டே ஆன்ட்டி என் காதருகில் வந்தார்: "கல்யாணமான நாள்லேர்ந்து எதுத்து ஒரு வார்த்த பேசாத மனுஷன்மா. இப்ப வீட்லயும் ஆரம்பிச்சிட்டாரு. அதுக்கு ஒரு பம்ப் இருந்தா குடு."

மூச்சு இல்லாதவரால் சண்டை போட முடியாது என்பதால், அங்கிள் வாயைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் பயிற்சியில் எனக்கு ஒரு மார்க் என்று கணக்கு வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகம் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவரையே கூட்டிக்கொண்டு போய்ப் பேசவைப்பதாக உத்தேசம்.