முழங்கையில் அரை அங்குலம்

குழந்தையின் இடது மூக்கிலிருந்து பால் வந்தது. அம்மா துடைத்தாள். கிண்ணத்தின் விளிம்பைக் கீழுதட்டில் வைத்து இன்னொரு வாய் சரித்தாள். அதிலும் பாதி உள்ளே போனது, பாதி மூக்கு வழியாக வந்தது. குழந்தை தும்மிவிட்டுச் சிரித்தது.

பிறவியிலேயே பிளந்திருந்த அண்ணத்தைத் தைத்து மூடி ஒன்பது நாள் ஆகியிருந்தது. மூக்கில் பால் வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்று வார்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள். பையில் இரண்டு துண்டு வைத்தாள்.

கணவனின் அக்கா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்கு. பால் மூக்குல வருது அண்ணி."

"வேகமாக் குடிச்சிருப்பா. அப்பன் மாதிரிதானே, வாய்ல விழறதுக்குள்ள முழுங்கணும்."

"மூணு தடவை பார்த்துட்டேன்."

அண்ணி மடித்த துணியை மறுபடி பிரித்தாள்.

பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் குழந்தையின் அம்மாவுக்குப் பதினெட்டு வருட அனுபவம். சட்டைக்குக் கை தைப்பது மட்டும்தான் அவள் வேலை. அங்கே அவளுக்குக் கைக்காரி என்று பெயர். பக்கத்து மிஷினில் இருப்பவள் காலர் அக்கா. குழந்தைக்குப் பட்டன் என்று பெயர் வைத்ததும் காலர் அக்காதான். பட்டனுக்குப் பதினான்கு மாதம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்தாள். பாட்டில் கூடாது, ஸ்பூன் கூடாது, உறிஞ்சுகுழல் கூடாது. கடிக்கிற எதுவும் கூடாது. பால் குடித்ததும் இரண்டு வாய் தண்ணீர். கை வாய்க்குப் போகக்கூடாது. அதற்காக இரண்டு கைக்கும், முழங்கை மடங்காமல் கட்டுகிற மட்டை. தோலைப் பார்க்க மட்டும், ஒரு நேரத்தில் ஒரு மட்டையைக் கழற்றலாம்.

எதையும் அவள் மீறவில்லை. வீட்டில் நீளமாக இருந்ததெல்லாம் அலமாரி மேல் ஏறிவிட்டது. ஒருநாள் காலை கணவன் பிரஷ்ஷைத் தேடி அலுத்து, "என்னையும் தூக்கி மேல வச்சிடு," என்றான்.

மூன்றாம் நாள் மட்டை உரசி அக்குள் சிவந்துபோனது. கணவன் சாமான் வண்டி ஓட்டுகிறவன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பாவம், கொஞ்ச நேரம் கழட்டி விடேன்," என்றான். அவள் கழற்றவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து துணியில் வேறு மட்டை தைத்தாள். இரண்டு அடுக்குத் துணி, நடுவே பஞ்சு, தட்டைக் குச்சிகள் சொருக வரிசையாகப் பைகள், முதுகுப்பக்கம் நாடா. ஐந்தாம் நாள் காட்டப் போனபோது நர்ஸ் தொட்டுப் பார்த்தாள்.

"கடையில வாங்கினதா?"

"நான் தைச்சது சிஸ்டர்."

"அடேயப்பா! எங்க வார்டுக்கும் பத்து ஜோடி தைச்சுக் குடுங்க."

இன்று அதே நர்ஸ்தான் டார்ச் பிடித்தாள். டாக்டர் குழந்தையின் வாய்க்குள் குனிந்து பார்த்தார்.

"பின்னாடி நல்லா இருக்கு. முன்னாடி ஒரு எடத்துல தையல் விட்டிருக்கு. மிளகளவு ஓட்டை. கை வாய்க்குள்ள போச்சா?"

"இல்ல டாக்டர். ரெண்டையும் சேர்த்து நான் கழட்டினதே இல்ல."

மடியில் இருந்த பட்டன் வலது கையைத் தூக்கினாள். மட்டை கட்டியிருந்தும் கை மெல்ல மடங்கியது. கட்டைவிரல் வாய்க்குள் போனது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ்தான் விரலை எடுத்துவிட்டாள்.

முழங்கைக்கு மேலே ஒரு வரிசைக் குச்சி, கீழே ஒரு வரிசை. நடுவில் அரை அங்குலம் விட்டிருந்தாள். கை தைக்கிறவர்கள் முழங்கையை மடக்கச் சொல்லித்தான் அளவெடுப்பார்கள். மடக்கும்போது இழுக்காத கைதான் நல்ல கை. புதுத்துணி விறைப்பாக இருந்தவரை மடங்கவில்லை. ஏழாம் நாள் துவைத்துப் போட்டிருந்தாள்.

"சின்ன ஓட்டைதான். சிலது தானா மூடிக்கும்," என்றார் டாக்டர். "மூடலைன்னா பின்னால இன்னொரு ஆபரேஷன். இப்போதைக்குத் தொடக்கூடாது. ஆறு மாசம் போகட்டும்."

"பேச்சு?"

"ஓட்டை பெருசாகாமப் பார்த்துக்குங்க. பேச்சுப் பயிற்சிக்கு எப்படியும் வரத்தான் வேணும்."

நர்ஸ் அக்குளில் பஞ்சு வைத்துப் ஆஸ்பத்திரி மட்டையையே கட்டினாள். "நானும் மடக்கிப் பார்த்திருக்கணும்மா. அழகா இருக்குன்னு விட்டுட்டேன்."

அவள் தலையாட்டினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். இறங்கவேண்டிய இடம் வந்தது.

சாயங்காலம் கணவன் சுவரில் ஒட்டியிருந்த தாளை இரண்டு முறை படித்தான். அண்ணி, "ஊருக்கே கை தைக்கிறவ. பெத்த பிள்ளைக்கு ஒழுங்காத் தைக்கத் தெரியல," என்றாள்.

"அக்கா, கொஞ்சம் சும்மா இரேன்."

"தெரியும் அண்ணி," என்றாள் அவள். "சட்டைக்குத் தைக்கிற மாதிரியே தைச்சிட்டேன்."

அண்ணி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஆறு மணிக்கு எழுந்தாள். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்துப் பால் கொடுத்தாள். பதினோரு வாய் குடித்ததில் நான்கு மூக்கில் வந்தது. இரண்டு வாய் தண்ணீர் கொடுத்தாள். வலது மட்டையைக் கழற்றித் தோலைப் பார்த்துக் கட்டினாள், பிறகு இடது. கடைக்குப் போன் செய்து இன்னும் இரண்டு வாரம் லீவு கேட்டாள். காலர் அக்கா போனை வாங்கினாள்.

"பட்டன் எப்படி இருக்கா?"

"ஓட்டை விழுந்திருக்கு."

"மூடிடுமா?"

"தெரியாதாம்."

பகலில் மட்டைக்குத் துணியில் புதிதாக இரண்டு கை வெட்டினாள். இந்த முறை குச்சிகள் தோளடியிலிருந்து மணிக்கட்டுவரை ஒரே நீளம். தைத்ததும் நனைத்து, காயவைத்து, தன் முட்டியில் வைத்து அழுத்தினாள். மடங்கவில்லை. போட்டுவிட்டபோது பட்டன் வெகுநேரம் அழுதாள், பிறகு தூங்கினாள். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடியும் பால். பன்னிரண்டு வாயில் நான்கு மூக்கில் வந்தது. துடைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.