ஆண்டெனா பிடித்த ஞாயிற்றுக்கிழமைகள்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் தேனியிலிருந்து கம்பத்துக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். சின்னமனூர் தாண்டியதும் ஜன்னல் வழியாக அந்தக் காற்று வந்தது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனியில் ஆரம்பித்தால் ஆவணி முடிகிற வரை மேற்கேயிருந்து அடித்துக்கொண்டே இருக்கும். குடை பிடித்தால் குடைதான் நம்மைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். பக்கத்து சீட்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரிய மனுஷர், ஏதோ ஆபீஸில் அதிகாரியாக இருப்பார் போல, காதில் எதையோ சொருகிக்கொண்டு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. நான் பார்ப்பதைக் கவனித்ததும் சட்டென்று முகத்தைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

காற்றும் அந்தக் குலுங்கலும் ஒன்றாக வந்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் கல்யாணத்தில் என்ன சாப்பிட்டேன் என்றுகூடச் சரியாக நினைவில்லை.

அப்பாவுக்குத் தேனி பஜாரில் இரும்புக் கடை. பைப், ஆணி, போல்ட்டு, நட்டு, கிளாம்ப் எல்லாம் கிடைக்கும். அதைவிட முக்கியமாக அவர் சபை மூப்பர். புராட்டஸ்டண்ட் சபையில் மூப்பர் என்றால் சும்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முன்வரிசையில் உட்கார வேண்டும். யார் வரவில்லை என்று மனசில் குறித்துக்கொள்ள வேண்டும். கீர்த்தனை பாடும்போது எல்லார் குரலுக்கும் அடியில் அப்பாவின் கனத்த குரல் ஓடும். போதகரே அப்பாவைப் பார்த்துத்தான் பிரசங்கத்தைச் சுருக்குவார் என்று அம்மா கேலி செய்வாள். அப்படிப்பட்டவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. கோபக்காரர் என்று சொல்ல முடியாது. முகம் அப்படியே இருக்கும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் துணி துவைக்கக் கூடாது, கடை திறக்கக் கூடாது, சீட்டாடக் கூடாது. சினிமாக் கொட்டகைக்குப் போவதைப் பற்றி யாரும் பேச்சே எடுக்க மாட்டோம்.

ஆனால் ரேடியோ இருந்தது. ரேடியோவுக்குச் சட்டதிட்டத்தில் எங்கேயோ ஓட்டை இருந்திருக்க வேண்டும். சிலோன் ஸ்டேஷன் சாயங்காலம் அலை மோதிக்கொண்டு வரும். பாட்டு பாதியில் அமுங்கிப் போய், மறுபடி மேலே எழும்பி வரும். எனக்கு மிகவும் பிடித்த பாட்டுகள் எல்லாமே நடுவில் ஒரு வரி தொலைந்துபோன பாட்டுகள். இன்றைக்குச் சுத்தமான பதிவில் அதே பாட்டுகளைக் கேட்டால், அந்த வரி வருகிற இடத்தில் எனக்கு யாரோ வேண்டாத ஆள் நுழைந்த மாதிரி இருக்கிறது. பைத்தியம் என்று நினைக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு முழுப் படத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கி, ஒலியாக மட்டும் போடுவார்கள். அதில் ஒரு நகைச்சுவை நடிகர் வருவார். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் உங்கள் ஆளின் பேரைச் சொல்லிச் சண்டைக்கு வருவீர்கள். அவர் பதில் பேசுவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விடுவார். மூச்சு மட்டும் கேட்கும். அந்த மூச்சுக்கே நான் சிரித்துவிடுவேன். அந்த நேரத்தில் அப்பா பக்கத்து அறையில் கட்டிலில் கண்ணை மூடி, நெஞ்சில் வேதபுத்தகத்தை விரித்துக் கவிழ்த்து வைத்துக்கொண்டு தூங்குவார். வேதபுத்தகம் மேலும் கீழும் கொஞ்சம் வேகமாகவே ஆடும். மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது, பாவம் என்று நினைப்பேன்.

அப்புறம் கொடைக்கானல் மலையில் டிவி டவர் வந்தது. ஊரே மொட்டை மாடிகளில் ஏறியது. அப்பாவின் கடையில் அந்த வருஷம் பைப்பும் கிளாம்ப்பும் வாங்க நின்ற கூட்டத்தை நான் பண்டிகைக்குக்கூடப் பார்த்ததில்லை. நாலு பக்கமும் ஸ்டே கம்பி கட்டினால்தான் நம்ம காத்துக்குத் தாங்கும் என்று அப்பா ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுப்பார். எங்கள் வீட்டுக்கும் டிவி வந்தது. நியூஸ் பார்க்க, என்றார் அப்பா. ஆண்டெனா பைப்பைக் கைப்பிடிச் சுவரில் ஒரு வளையத்தில் சும்மா செருகி வைத்தார். ஸ்டே கம்பியும் கிடையாது, கிளாம்ப்பும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தமிழ்ப் படம். படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் காற்று வந்து ஆண்டெனாவைத் திருப்பிவிடும். கதாநாயகிக்கு ரெண்டு மூக்கு முளைக்கும். அப்புறம் வெறும் புள்ளிதான். அப்பா எழுந்து மாடிக்குப் போவார். நான் படிக்கட்டு வாசலில் நிற்பேன். மகளை அவர் ‘ஆத்தா’ என்றுதான் கூப்பிடுவார்.

“ஆத்தா, வருதா?”

“வரலப்பா!”

“இப்ப?”

“லேசா வருது... அங்கனயே நிறுத்துங்க!”

கையை எடுத்தால் மறுபடி திரும்பிவிடும். ஆகவே அப்பா படம் முடிகிறவரை பைப்பைப் பிடித்துக்கொண்டே நிற்பார். ரெண்டரை மணி நேரம். மாடிப்படிக் கதவு திறந்தே இருக்கும். நாங்கள் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்போம். சபையில் ஒருவர், “மூப்பர் வீட்டுல ஓய்வுநாள்ல சினிமா ஓடுதாமே” என்று கேட்டதற்கு, “நான் படம் பாக்கலயே, கம்பியத்தான புடிச்சுக்கிட்டு நிக்கேன்” என்று அப்பா பதில் சொன்னாராம்.

எனக்கு அப்போது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்திருந்தது. நாள் முழுக்க அடுத்தவர் குரலைக் காதில் வாங்குகிற வேலை. சம்பாதிக்கிறோம் என்ற திமிரும் வந்திருந்தது. ஊருக்கெல்லாம் ஸ்டே கம்பி விற்கிற மனுஷர் நமக்காகக் காற்றில் நிற்கிறாரே, படத்தை ஒருநாள்கூடக் கண்ணால் பார்க்கவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. சபைக் கூட்டத்துக்காக அப்பா மதுரைக்குப் போன ஒரு வியாழக்கிழமை, அவர் கடையிலிருந்தே சாமான் எடுத்து வந்து, ஆள் வைத்து, கிளாம்ப் போட்டு, நாலு பக்கமும் கம்பியை இழுத்துக் கட்டிவிட்டேன். யானை வந்து முட்டினாலும் அசையாது.

அப்பா திரும்பி வந்து மாடியில் நின்று பார்த்தார். பைப்பை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார்.

“நல்லாத்தான் கட்டியிருக்கு” என்றார்.

பெருமையில் எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை படம் கண்ணாடி மாதிரி வந்தது. அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தோம். என்னுடைய நடிகர், அந்த மூச்சு விடுகிறவர், வந்தார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் தரையில் உருண்டேன். அப்பா திருவிருந்துக்கு முழங்கால் போட்டவர் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் பாதியில் எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் சாயங்காலம் எங்கேயோ நடக்கக் கிளம்பிவிட்டார்.

“உங்கப்பா ஒரு மாதிரி இருக்காக. என்னன்னு தெரியல” என்றாள் அம்மா.

விஷயம் எனக்குத் தெரிந்தது பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா மூலமாக. எங்கள் மாடியும் அவர்கள் மாடியும் ஒட்டினாற்போல இருக்கும். அவர்கள் வீட்டில் அப்போது டிவி இல்லை. தண்ணீர்க் குழாயில் குடத்தை வைத்துவிட்டு அக்கா கேட்டார்:

“என்ன புள்ள, அப்பா இப்பல்லாம் மாடிக்கே வர்றதில்ல? உடம்புக்கு முடியலயா?”

“இல்லக்கா, கம்பி கட்டியாச்சு. இனிமே அவுக நிக்க வேண்டியதில்ல.”

“அடிப்பாவி! அவுக சிரிப்பக் கேக்கத்தான நாங்க ஞாயித்துக்கெழம மாடிக்கு வர்றதே!”

“யாரு? எங்க அப்பாவா? சிரிச்சாகளா?”

“ஆமா. மொதல்ல சத்தமே வராது, தோளுதான் ஆடும். அப்புறம் ஆணி டப்பாவக் கவுத்த மாதிரி கொட்டும் பாரு. எங்க வீட்டுல எல்லாரும் அதக் கேட்டுத்தான் சிரிப்போம். என்ன காமெடின்னு நாங்க கண்டமா? பாட்டு வந்தா கூடவே பாடுவாக. பொம்பளப் பாட்டைக்கூட விடுறதில்ல.”

குடம் நிரம்பி வழிந்தது. ஊரார் குரலையெல்லாம் பிரித்துத் தெரிந்துகொள்கிற காது என்று எக்ஸ்சேஞ்சில் எனக்குப் பேர். எங்கள் வீட்டு மாடியில் எங்கள் அப்பா சிரித்தது எனக்குக் கேட்கவில்லை. கேட்காத அளவுக்கு நான் டிவியைச் சத்தமாக வைத்திருக்கிறேன். அவருடைய ஒரே கொட்டகையை என் சம்பளத்திலேயே இழுத்துப் பூட்டிவிட்டேன். நெஞ்சில் ஆடிய வேதபுத்தகத்துக்கு அர்த்தமும் அன்றைக்குத்தான் விளங்கியது.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், அப்பா கடையில் இருக்கும்போது, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கிளாம்ப் நட்டுகளைத் தளர்த்தினேன். ரெண்டு ஸ்டே கம்பியை அவிழ்த்துவிட்டேன். அவற்றைக் கட்டியபோது வந்த பெருமையைவிட அவிழ்க்கும்போது அதிகமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை படம் ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆயிற்று. காற்றைக் காணோம். மாசக்கணக்கில் ஓயாமல் அடிக்கிற சனியன், வேண்டும் என்கிற அன்றைக்கு மலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார். வாசற்படி தாண்டியிருப்பார், மாடியில் கம்பி கிணுகிணுத்தது. கதாநாயகிக்கு ரெண்டாவது மூக்கு முளைத்தது.

“அப்பா! போச்சுப்பா!”

அப்படி வேகமாக அவர் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. ஒரு செருப்பு வாசலில், இன்னொன்று படிக்கட்டில்.

“ஆத்தா, வருதா?”

உடனே வந்துவிட்டது. கைபட்டவுடனே பளிச்சென்று வந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். திரும்பிப் பார்த்தேன். அவள் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் வரலப்பா! அப்படியே புடிச்சுக்கிட்டு நில்லுங்க!” என்றேன்.

நடிகர் வந்தார். அந்தச் சின்ன மூச்சை விட்டார். நான் டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் மேலேயிருந்து கொட்டியது. ஆணி, போல்ட்டு, நட்டு எல்லாம் சேர்ந்து படிக்கட்டு வழியாக உருண்டு எங்கள் மடிக்கு வந்தன. தொடர்ந்து மல்லிகா அக்கா வீட்டு மாடியிலிருந்தும் சிரிப்பு. நான் அழுதுகொண்டே சிரித்தேன். அம்மாவைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு எதுவுமே ‘வரவில்லை’. எந்தக் காற்றுக்கும் அசையாத தெளிவான படத்தை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே, “லேசா ஆடுதுப்பா, கையை எடுத்துராதீக” என்று சொல்லப் பழகிக்கொண்டோம். தளர்ந்த நட்டை அப்பா பார்க்காமல் இருந்திருப்பாரா? இரும்புக் கடைக்காரர். ஒருநாளும் அதை முறுக்கவில்லை.

சில வருஷத்தில் தெருவுக்குக் கேபிள் வந்தது. ஆள் வந்து ஆண்டெனாவைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனான். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வேறு வழியில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். படம் துளிகூட ஆடவில்லை. நடிகர் வரப்போகிற இடம் நெருங்கியது. சொல்ல ஒரு பொய்யும் மிச்சமில்லை.

அம்மா திரும்பாமலேயே சொன்னாள்:

“ஏங்க, காத்து பலமா அடிக்குது. மாடியில காயப்போட்ட துணி பறக்கப்போகுது. போயிக் கொஞ்சம் புடிச்சுக்கங்களேன்.”

அப்பா ஒரு நிமிஷம் அம்மாவைப் பார்த்தார். அம்மா டிவியைப் பார்த்தாள். அப்பா எழுந்து மாடிக்குப் போனார். நான் போய் மாடிப்படிக் கதவை நன்றாகத் திறந்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் துணி துவைப்பதில்லை என்று முன்னாலேயே சொன்னேன் அல்லவா?

இப்போது அந்த மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. வீடு வேறு யாருடையதோ. அம்மா முந்திப் போனாள், அப்பா ரெண்டு வருஷம் கழித்து. காற்று மட்டும் அப்படியே இருக்கிறது. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளை நட்டு அதையும் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். எனக்குப் பிடித்த பாட்டெல்லாம் போனில் தொலையாத வரிகளோடு வருகிறது. அந்த நடிகரும் கேட்ட நேரத்துக்கு வருகிறார், மூச்சு விடுகிறார். பிசிறில்லாமல் எல்லாமே வருகிறது. “ஆத்தா, வருதா?” என்று மேலேயிருந்து கேட்கத்தான் ஆளில்லை. கேட்டால், இன்னும் வரலப்பா என்று சொல்ல நான் இங்கனயேதான் நிற்கிறேன்.