சிறுக்கி என்றொரு சொல்

கல்யாணமான முதல் வாரத்திலேயே என் மாமியார் என்னைச் 'சிறுக்கி' என்றார். கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெருச்சண்டையில் மட்டும் காதில் விழுந்த சொல். நடத்தை கெட்டவள் என்று ஒருத்தியைச் சாடும்போதுதான் எங்கள் பக்கம் அதைச் சொல்வார்கள். சொன்னவளோடு அதன்பின் பேச்சுவார்த்தை இருக்காது.

எழுபதுகளின் நடுவில் நடந்த கல்யாணம் அது. தேனியில் பருத்தி வியாபாரம் செய்த என் தாய்மாமன் பார்த்துவைத்த சம்பந்தம். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம். மாமியாரோடு நானும் குலை வெட்டப் போயிருந்தேன். பந்தலுக்கடியில் குனிந்து நடந்து பழக்கமில்லாததால் தலை கம்பியில் இடித்தது. கையிலிருந்த கூடை கவிழ்ந்து பழமெல்லாம் மண்ணில் உருண்டது.

"அடி சிறுக்கி, மேல பாத்து வரக் கூடாதா? இங்கன வா, மண்டையக் காட்டு" என்று மாமியார் என் தலையைத் தடவிவிட்டார். சுற்றி இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் அழுதேன். அவருக்கு விளங்கவேயில்லை. "தல வலிக்குதா?" என்று கேட்டார். சொல்லைச் சொன்னேன். "அதுக்கா அழுகுற? எங்கம்மா பிரியமா இருந்தாத்தான் அப்படிச் சொல்லும். கோவம்னா பேசவே பேசாது" என்றார்.

நான் நம்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தச் சொல் எங்கே கேட்டாலும் காது அங்கே போய்விடும். என் நாத்தனாருக்குத்தான் அது அதிகம் கிடைத்தது. நன்றாகக் கோலம் போட்டாலும் சிறுக்கி, பாலைப் பொங்கவிட்டாலும் சிறுக்கி. தெருக் குழாயடியில் பெண்கள் ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே தண்ணீர் பிடித்தார்கள். ஒருநாள் அதே குழாயடியில் ஒருத்தி "சிறுக்கி மக" என்று சொல்லிவிட, மற்றவள் குடத்தைப் போட்டுவிட்டு அவள் கொண்டையைப் பிடித்துவிட்டாள். பிரித்துவிட நாலு பேர் வேண்டியிருந்தது.

அப்படியென்ன வித்தியாசம் என்று மாமியாரைக் கேட்டேன்.

"சிறுக்கின்னா சின்னப் பொண்ணு, அவ்வளவுதான். 'மக'ன்னு சேத்தா அது அவ ஆத்தாளைச் சொன்னதாப் போகுது. ஆத்தாளைச் சொன்னா எவ பொறுப்பா?"

எனக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை என்றாலும், நாளாக ஆக அவர் அப்படிக் கூப்பிடாத நாளில் என்ன கோபமோ என்று நானே யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

ஆடிக்கு என்னை அழைத்துப்போக அப்பா வந்தார். கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவர், அதிர்ந்து பேசாதவர். மாமியார் அவருக்கு இலை போட்டுப் பரிமாறினார். ரசத்துக்கு வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தச் சிறுக்கி இல்லாம ஒரு மாசம் வீடு எப்படித்தான் இருக்கப்போகுதோ" என்றார்.

அப்பாவின் கை இலையில் அப்படியே நின்றது. மோருக்குக் காத்திருக்காமல் எழுந்து கை கழுவினார்.

பஸ் ஆண்டிபட்டிக் கணவாய் ஏறியது. ஜன்னலைப் பார்த்தபடியே அப்பா கேட்டார்: "அடிக்கிறாங்களாம்மா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். பெண் கஷ்டத்தை மறைக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். நான் சொன்ன விளக்கம் எதுவும் எடுபடவில்லை. ஆடி முடிந்தது, ஆவணியும் வந்தது. என்னைக் கொண்டுபோய் விடும் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

கடைசியில் என் கணவரே வந்து நின்றார். அப்பா அவரை உட்காரவைத்துக் காரணத்தைச் சொன்னபோது பாவம், அவர் திகைத்துப்போனார். அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். "உங்க தங்கச்சியை வீட்ல எப்படிக் கூப்புடுவாங்க மாப்பிள்ளை?"

"அவளையும் அப்படித்தான் அத்தை."

"அப்ப நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்று அப்பாவிடம் சொன்னாள்.

அப்பா எங்களோடு ஓடைப்பட்டிக்கு வந்து தங்கினார். வந்த அன்றே, மாமியார் தன் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டு "ஆடாம இருடி சிறுக்கி" என்று கொஞ்சுவதைக் கேட்டார். மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையை அதே சொல்லால் கொஞ்சினாள். அப்பாவின் முகம் இளகியது. இரவு என்னிடம், "நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் போல" என்றார்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் நாத்தனார் அவருக்குக் காபி கொண்டுவந்தாள். மனசில் ஒன்றுமில்லை என்று காட்டிக்கொள்ள நினைத்தாரோ என்னவோ, அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு சொன்னார்: "இந்தச் சிறுக்கி காபி நல்லாப் போடுறா."

நாத்தனார் விறுவிறுவென்று உள்ளே போனாள். மாமனார் தரையைப் பார்த்தார். என் கணவருக்குக் காது சிவந்துவிட்டது.

மாமியார்தான் பேசினார். "கோவிச்சுக்கிறாதீக சம்பந்தி. பொம்பளைக நாங்க சொன்னா அது செல்லம். ஆம்பளைக சொன்னா, அதுவும் கொமரிப் பொண்ணப் பாத்துச் சொன்னா, அது வேற."

"நீங்க சொன்னதைத்தானே நானும் சொன்னேன்" என்றார் அப்பா.

"அது எனக்குத் தெரியுது. அவளுக்குத் தெரிய வேணாமா?"

அப்பா எழுந்து அடுக்களை வாசல்வரை போனார். "தெரியாம சொல்லிட்டேம்மா" என்றார். உள்ளேயிருந்து "இருக்கட்டும் மாமா" என்று பதில் வந்தது. அதன்பின் அந்த வீட்டில் அப்பா யாரைக் கூப்பிடுவதானாலும் 'அம்மா' ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

நாத்தனாரின் கல்யாணம் இரண்டு மூன்று வருஷம் கழித்து நடந்தது. மாப்பிள்ளை குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய மலையாளக் கூட்டாளிகள் ஒரு ஜீப் நிறைய வந்திறங்கினார்கள். இறங்கியதும் ஒருவர், "செறுக்கன் வந்நோ?" என்று பந்தலில் எல்லோரையும் கேட்டுக்கொண்டு வந்தார்.

அப்பா என் பக்கம் குனிந்து, "யாரைத் தேடுறார்?" என்றார்.

"மாப்பிள்ளையைத்தான்பா. அவங்க பாஷைல செறுக்கன்னா பையன். கல்யாண மாப்பிள்ளைக்கும் அதான் பேர்."

அப்பா எழுந்து அந்த மனிதரிடமே போய், வெகு மரியாதையாக, "உங்க ஊர்ல கல்யாணப் பொண்ணை என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

"பெண்ணு" என்றார் அவர். "வேறே எந்து பறயான்?" என்று, வேறென்ன சொல்வது என்பதுபோல் கையை விரித்தார்.

அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார். "செறுக்கனும் சிறுக்கியும் ஜோடிச் சொல்லுதானே. பையனுக்கு அது மரியாதைச் சொல்லாவே நின்னுடுச்சு. பொண்ணுக்குத்தான் நம்ம பக்கம் எப்படியோ கெட்டுப்போச்சு. ஏன்னு தெரியலையே" என்றார். மேடையில் கெட்டிமேளம் முழங்கியது. என் கையில் கொஞ்சம் அட்சதையைக் கொடுத்துவிட்டு அவரும் கையில் எடுத்துக்கொண்டார்.