இலை பொறுக்கப் போன வியாழக்கிழமை

பர் துபாயில் எங்கள் ஃபிளாட்டுக்கு மூன்று ஜன்னல்கள். ஒன்றை ஏசி அடைத்துக்கொண்டிருந்தது. இன்னொன்றைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். மூன்றாவதில் கார்கள் நிற்கும் மணல்வெளி, அதைத் தாண்டி ரோடு, ரோட்டுக்கு அந்தப்புறம் ஒரு பழைய வில்லாவின் மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கும் பாதாம் மரம். தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு வருடம் நான் தினமும் பார்த்த வெளியுலகம் அவ்வளவுதான். யாரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை. "தனியா எறங்காதே, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது. மீனா பஜாரில் துணிக்கடை வேலை அவருக்கு. வெள்ளிக்கிழமை லீவு வந்தால் அடித்துப் போட்டதுபோல் தூங்குவார்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. கேஜியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். இலையுதிர் காலமாம், குடும்பத்தோடு வெளியே நடந்துபோய், உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி ஒட்ட வேண்டுமாம். மூலையில் கம்பளித் தொப்பி போட்ட அணில் வேறு. எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஊரில் இலையுதிர் காலம் என்றால், ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கலாம் என்று அர்த்தம். வேறென்ன?

"வெள்ளிக்கிழமை பீச்சுக்குப் போவோம், வாப்பா கூட்டிட்டுப் போறேன்" என்று மகளிடம் சொன்னார் அவர். இரண்டு வெள்ளிக்கிழமைகள் குறட்டையிலேயே போயின. தாளைக் கொடுக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. நான் ஃபிரிட்ஜிலிருந்த கறிவேப்பிலையை உருவி, தோசைக்கல்லில் பழுப்பு நிறம் வரும்வரை வாட்டி ஒட்டி அனுப்பினேன். கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தேன்.

மத்தியானம் மகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். "மிஸ் ஸ்மெல் பண்ணிப் பார்த்தாங்க உம்மா. கிச்சன் லீஃப்னு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க." தாளின் அடியில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: தயவுசெய்து குழந்தையை வெளியே அழைத்துச் செல்லுங்கள். சனிக்கிழமை மறுபடி கொண்டுவர வேண்டும். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. குழந்தையை யார் வெளியே அழைத்துச் செல்வது? முதலில் என்னை யாராவது அழைத்துச் செல்லட்டும்.

அந்த ஊரில் அப்போது வியாழனும் வெள்ளியும் கேஜிக்கு லீவு. அந்த வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அவர் கடைக்குக் கிளம்பியதும் மகளுக்குச் செருப்பு மாட்டினேன். கீழே கார் நிற்கிற இடம் வரைதானே, பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். வாசலைத் தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் 'டக்' என்றது. சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. சாவி ஃபிரிட்ஜ் மேலே.

மகளோடு கீழே இறங்கினேன். கட்டடத்து வாட்ச்மேன் ஒரு பட்டாணியர். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "சாபி அந்தர்? பாய்கோ ஃபோன் கரூன்?" சாவி உள்ளேயா, வீட்டுக்காரருக்குப் போன் போடவா என்று கேட்டார். கடைக்குப் போன் போட்டால் கால் மணியில் அவர் வந்துவிடுவார். நான் வேண்டாமென்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு எப்படியும் வருவார்.

மணல்வெளியில் இலை ஏது? பெப்சி டின்களும் பிளாஸ்டிக் பைகளும்தான். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மகளை இழுத்துக்கொண்டு மாடியேறிக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். மூன்றாவது தடவை அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கதவு தொறக்காது உம்மா. ஏன் திரும்பத் திரும்ப இங்கயே வர்றோம்?"

எனக்குச் சுருக்கென்றது. வெளியே நின்றும் வீட்டைத்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி ரோட்டைக் கடந்தேன். வண்டி ஒன்று ஹாரன் அடித்தது. நானும் முறைத்தேன்.

மதிலோரம் முழுக்கப் பாதாம் இலைகள் உதிர்ந்து கிடந்தன. நல்ல சிவப்பு, பாதி மஞ்சள், விளிம்பு மட்டும் பழுத்தது. மகள் ஒன்றை முகத்தில் வைத்துப் பார்த்தாள், முகமே மறைந்துவிட்டது. எறும்பு வரிசையின் பின்னாலேயே குந்தியபடி நகர்ந்தாள். நான் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தேன். காற்று அடித்தது. சந்தோஷமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்ல? அழுகை வரும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு மணிக்கு அவர் வந்தபோது, மடி நிறைய இலைகளோடு படியில் உட்கார்ந்திருந்தோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. "காலையிலேருந்து வெளியவா கெடந்தீங்க? எனக்கு ஒரு போன் போடக் கூடாதா?" திட்டவில்லை. எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். மறுநாள் தூக்கத்தை விட்டு எழுந்துபோய் ஆள் கூட்டிவந்து, தானாகப் பூட்டாத பூட்டாக மாற்றினார். "இனிமே உனக்கு இந்தக் கஷ்டமே வராது" என்றார். என் கண் கலங்கியதைப் பார்த்து முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அடுத்த வியாழக்கிழமை அவர் கிளம்பிப் போனதும் மகள் தானே செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "வாங்க உம்மா. சாவிய மறந்துட்டு வாங்க."

பூட்டு மாறிவிட்டது. இனி வெளியே மாட்டிக்கொண்டோம் என்று அவரிடம் சொல்ல முடியாது. கதவு திறந்துதான் இருந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னேன்.