மல்லாட்டை ஆய்கிறவளின் முகம்

காட்சிப் பெட்டியின் கண்ணாடியைக் கழற்றியதும் குமட்டியது. எலிப்புழுக்கை, செத்த பல்லி, யாரோ சந்து வழியாகத் திணித்த சாக்லேட் காகிதம். விழுப்புரத்தில் ஒரு தனியார் காட்சிக்கூடம் அது. ஆளுயரப் பெட்டிக்குள் அந்தக் காலத்து மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை, ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். பின்னால் வரைந்த வானம். முன்னால் குந்தி உட்கார்ந்து, செடியிலிருந்து மல்லாட்டை ஆய்கிற ஒரு பெண்ணின் சுதைப் பொம்மை. சேதமான பழம்பொருள்களைச் சீர்செய்வது என் வேலை. திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன்.

எலி மூத்திர நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அவள் முகம். முன்பு எந்த மகானுபாவரோ அதில் ரோஸ் நிற எனாமலை அப்பி வைத்திருந்தார். உதிர்ந்த இடத்தை மட்டும் வண்ணம் தொட்டு நிரப்ப வேண்டும், மிச்ச அசல் வண்ணத்தில் கை வைக்கக் கூடாது என்பதுதான் எங்கள் தொழில்முறை. பஞ்சை எனாமல் கரைக்கிற மருந்தில் நனைத்து மூன்று வாரம் துடைத்தேன். அடியில் வெயில் பட்ட கறுப்பு முகம், மூக்கோரத்து வியர்வை மினுக்கத்தோடு அப்படியே இருந்தது. கன்னத்தில் இரண்டு இடம் மட்டும் உதிர்ந்திருந்தது. நிரப்பினேன்.

அங்கே பெருக்கித் துடைக்கக் கெடாரிலிருந்து வரும் பெண் விளக்குமாறும் கையுமாக நின்று பார்த்தாள்.

"அக்கா, எங்கள மாரியே கீதுக்கா! ஞாயித்துக்கெழம எந்தங்கச்சிய இட்டாந்து காட்டுறேன்."

மறுநாள் நிர்வாகி வந்தார். "இன்னா மேடம், கரி பூசி வெச்சிருக்கீங்க? பெரிய மனுஷங்க வர்ற எடம். கொஞ்சம் கலரா, லட்சணமா பண்ணுங்க."

அவர் நிறமும் அதே நிறம்தான். பழைய வண்ணத்தை மறைக்கக் கூடாது என்றேன். "அப்ப வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார். வேறு ஆள் வந்தால் மறுபடியும் எனாமல்தான்.

நானே ரோஸ் கலந்தேன். முதலில் மெல்லிய வார்னிஷ், அதன்மேல் ஈரப் பஞ்சால் துடைத்தாலே போய்விடுகிற வண்ணம். ரொம்ப சாமர்த்தியம்தான். எலிப்புழுக்கையை அள்ளியபோது வந்ததைவிட மோசமான குமட்டல், தூரிகையைக் கழுவும்போது என் கையைப் பார்த்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கெடார்ப் பெண் தங்கையோடு வந்து கண்ணாடி முன் நின்றாள்.

"அழிச்சிட்டீங்களாக்கா?"

"இல்லம்மா, அடியில பத்திரமா இருக்குது. எப்ப தொடைச்சாலும் வந்துடும்."

"யாருக்கா தொடைக்கப் போறாங்க?" என்றாள். பிறகு, தங்கை கை வைத்த இடத்தில் கண்ணாடியில் விழுந்திருந்த தடத்தை முந்தானையால் அழுந்தத் துடைத்தாள்.